இதுக்கு முன்னாடி என்ன போட்டீங்க?

சாயங்காலம் ஆறு மணிக்கு எந்த ஊர்த் தோல் மருத்துவரின் அறையில் போய் உட்கார்ந்தாலும், அரை மணி நேரத்துக்குள் இந்தக் காட்சி வந்துவிடும். ஒருவர் நாற்காலியில் அமர்ந்து கன்னத்தைக் காட்டுவார். மருத்துவர் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்ப்பார். பிறகு கேட்பார்.

“இதுக்கு முன்னாடி என்ன போட்டீங்க?”

“ஒண்ணும் போடலைங்க டாக்டர்.”

“மெடிக்கல்ல ஏதாவது வாங்கினீங்களா?”

“அது… சும்மா ஒரு டியூப்.”

கூட வந்த அம்மா கைப்பையைத் திறப்பார். பாதி பிதுக்கிய டியூப், மூடி தொலைந்த டியூப், பெயர் அழிந்த டியூப், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த டப்பா என்று ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். மருத்துவர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிப்பார். வந்த நோய் எது, மருந்தால் வந்த நோய் எது என்று அந்த மேசையில்தான் பிரிய ஆரம்பிக்கும்.

தோல் மருத்துவரின் வேலையில் பெரும்பகுதி இப்போது இந்தப் பிரிக்கும் வேலைதான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்தத் தொழில் இரண்டாகத் தெரியும். ஒரு பக்கம் சொறி, சிரங்கு, படர்தாமரை. இன்னொரு பக்கம் லேசர், பீல், போடாக்ஸ். முதலாவது நோய், இரண்டாவது அழகு என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளே உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு அப்படி இரண்டு வாசல் கிடையாது. அழகுக்கென்று வருகிறவரிடம் நோய் இருக்கிறது. நோய்க்கு வாங்கிய மருந்தை அழகுக்குப் போட்டுக் கெடுத்துக்கொண்டவர் அடுத்த நாற்காலியில் இருக்கிறார்.

வாசல் பலகையிலேயே இதற்கு ஒரு தடயம் உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்து மூன்று ஆண்டு மேற்படிப்புப் படித்தவரின் பெயருக்குப் பின்னால் எம்.டி. (டி.வி.எல்.) என்று இருக்கும். டெர்மட்டாலஜி, வெனிரியாலஜி, லெப்ரஸி. தோல்நோய், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் இந்தியாவில் ஒரே படிப்பு. மூன்றின் அறிகுறிகளும் பெரும்பாலும் தோலில் தெரியும் என்பதால் ஒன்றாகவே படிக்கிறார்கள். ஆகவே, “முகம் கொஞ்சம் பளிச்சுன்னு ஆகணும்” என்று ஒருவர் வந்தாலும், எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண் இந்த மூன்றையும் சேர்த்தேதான் பார்த்துக்கொண்டிருக்கும்.

மேசைக்கு வந்த டியூப்களுக்கு வருவோம். அவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஸ்டீராய்டு.

1952-இல் அமெரிக்காவில் மாரியன் சல்ஸ்பர்கர், விக்டர் விட்டன் என்ற இரு மருத்துவர்கள், ஹைட்ரோகார்ட்டிசோனைக் களிம்பாகத் தோலின் மேல் பூசினால் கரப்பான் போன்ற அழற்சி அடங்குகிறது என்று காட்டினார்கள். தோல் மருத்துவம் அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்துப் பேசும் அளவுக்குப் பெரிய விஷயம் அது. தார், கந்தகம் என்று பூசிக் கொண்டிருந்த காலம் போய், இரவெல்லாம் சொறிந்து தூக்கம் கெட்டுக் கிடந்தவர்களுக்குச் சில நாளிலேயே நிம்மதி கிடைத்தது. அதன் பிறகு பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று மேலும் மேலும் வீரியமானவை வந்தன. வீரியத்தை வைத்து இவற்றை ஏழு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். மேல்படியில் குளோபெட்டசால். அடிப்படியில் ஹைட்ரோகார்ட்டிசோன். உள்ளங்காலின் தடித்த தோலுக்கு மேல்படி மருந்து தேவைப்படலாம். கண்ணிமைக்கும் குழந்தையின் கன்னத்துக்கும் அதைக் காட்டவே கூடாது.

எவ்வளவு போடுவது என்பதற்கும் அளவு இருக்கிறது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். பெரியவர் ஒருவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். எந்த மருந்து, எந்த இடத்துக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்ற நான்கு கேள்விக்கும் பதில் தெரிந்தவர் கையில் ஸ்டீராய்டு அருமையான மருந்து. தலையில் வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டுக்கு அந்த இடத்தில் ஊசியாகப் போடுவது ஸ்டீராய்டுதான். புழு எதுவும் அங்கே கிடையாது. உடலின் எதிர்ப்பு சக்தியே முடிவேரைத் தாக்குகிறது. அதை ஸ்டீராய்டு அடக்குகிறது. காது குத்திய இடத்தில் கொழுக்கட்டை மாதிரி வளரும் கீலாய்டுத் தழும்பைச் சுருக்குவதும் அதே மருந்துதான். வாயிலும் உடம்பிலும் கொப்புளமாக வெடிக்கும் பெம்ஃபிகஸ் நோயில் உயிரைக் காப்பாற்றுவதும் ஸ்டீராய்டு. இதைச் சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால் இன்று ‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லைக் கேட்டாலே பயந்து, குழந்தையின் கரப்பானுக்கு மருத்துவர் எழுதிய களிம்பைக்கூடக் குப்பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழந்தை ராத்திரி முழுக்க அழுகிறது.

கோளாறு ஆரம்பிப்பது மருந்து தன் இடத்தை விட்டு நகரும்போது.

மங்கு வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கன்னத்திலும் மூக்கிலும் பழுப்பாகப் படரும் மங்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, அதிலும் பிள்ளை உண்டாகியிருக்கும் போதோ அதன் பிறகோ வரும். வெயிலில் கூடும். 1975-இல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் மூன்று மருந்துகளைச் சேர்த்து இதற்கு ஒரு களிம்பு சொன்னார். நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், மேல்தோலைப் புதுப்பிக்கும் ட்ரெட்டினாயின், எரிச்சலை அடக்க ஒரு ஸ்டீராய்டு. அந்த வழியில் வந்த களிம்பு ஒன்றுக்கு அமெரிக்காவில் 2002-இல் அனுமதி கிடைத்தது. அதில் இருந்தது முகத்துக்கு ஏற்ற மிதமான ஸ்டீராய்டு. அதையும் எட்டு வாரம் வரை, மருத்துவர் கண்காணிப்பில் போட வேண்டும் என்று வரையறுத்தார்கள்.

நம் ஊருக்கு வந்தபோது அந்த மூன்றில் ஸ்டீராய்டின் இடத்தை மொமெட்டசோன் பிடித்தது. எட்டு வாரம் என்ற எல்லை டியூபோடு சேர்ந்து வரவில்லை. முதல் வாரத்திலேயே முகம் வெளுத்துப் பளபளக்கும். ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, நிறமிச் செல்களை மந்தமாக்குகிறது, மேல்தோலை மெலிதாக்குகிறது. கண்ணாடியில் பார்ப்பவருக்கு அது அழகாகத் தெரிகிறது. தங்கைக்குச் சொல்கிறார். தங்கை தன் தோழிக்குச் சொல்கிறாள். தங்கைக்கும் தோழிக்கும் மங்கே கிடையாது. கலர் வர வேண்டும் என்பதற்காகப் போடுகிறார்கள்.

மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து ஒரு நாள் டியூப் தீர்ந்து, வாங்க மறந்துவிடுகிறது. இரண்டே நாளில் முகம் சிவந்து, மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது. சுருங்கியிருந்த குழாய்கள் எல்லாம் விரிந்துகொள்கின்றன. திரும்பப் போட்டால் அடங்குகிறது. “பார்த்தியா, இந்த கிரீம்தான் நமக்கு ஒத்துக்குது” என்று தொடர்கிறார்கள். போகப் போகக் கன்னத்தில் சிவப்பு நரம்பு ஓடுகிறது, பரு வெடிக்கிறது, தாடைப் பக்கம் பூனைமுடி வளர்கிறது, வெயில் பட்டால் தாங்குவதில்லை. கொல்கத்தாவைச் சேர்ந்த தோல் மருத்துவர்கள் கௌஷிக் லாஹிரியும் அரிஜித் கூண்டூவும் இந்த முகத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: ஸ்டீராய்டால் சேதமான, ஸ்டீராய்டுக்கே அடிமையான முகம். உலகத் தோல் மருத்துவ நூல்களுக்கு இந்தியா கொடுத்த பெயர்களில் இதுவும் ஒன்று என்பது பெருமைப்பட முடியாத செய்தி.

இது அங்கொன்றும் இங்கொன்றும் நடப்பதில்லை. இந்தியாவின் பல ஊர்களில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முகத்தில் தோல் பிரச்சினை என்று வந்த 2926 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த 433 பேரில் 257 பேருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே இல்லை. சொந்தக்காரர், தோழி, அழகு நிலையம், மருந்துக்கடைக்காரர் என்று யாரோ ஒருவர். 126 பேர் அதை வெள்ளையாக்கும் கிரீமாகவோ சும்மா பூசும் கிரீமாகவோ நினைத்துப் போட்டிருந்தார்கள்.

சட்டத்திலும் ஓட்டை இருந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலான ‘ஷெட்யூல் ஹெச்’-இல் ஸ்டீராய்டு இருந்தது. ஆனால் மேலே பூசும் களிம்புகளுக்குப் பெரும்பாலும் விலக்கு இருந்தது. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் ஆண்டுக்கணக்கில் மன்றாடிய பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை அந்தப் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. இன்று டியூபின் மேல் சிவப்புக் கோடும், சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கின்றன. “அண்ணே, அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க” என்று கேட்டால் கைக்கு வருவதும் நிற்கவில்லை.

அப்படிக் கைக்கு வரும் டியூப் செய்த இன்னொரு வேலை, படர்தாமரை.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு வரை படர்தாமரை ஒரு சாதாரணத் தொல்லை. தொடை இடுக்கில் வட்டமாக வரும். இரண்டு வாரம் களிம்பு போட்டால் போய்விடும். இப்போது வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் பரவுகிறது. இடுப்பு, முதுகு, முகம் என்று போகிறது. மாதக்கணக்கில் மாத்திரை கேட்கிறது. இதைப் பரப்பும் பூஞ்சை ஒன்றுக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். இந்தியாவின் பெயர் அதிலேயே இருக்கிறது. வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினாஃபின் மாத்திரைக்கு இதில் பல வகை அசைவதில்லை.

இதற்கு மருத்துவர்கள் சுட்டிக்காட்டும் காரணங்களில் முக்கியமானது ‘எல்லாத்துக்கும் ஒரே டியூப்’ என்று விற்கும் கலவைக் களிம்பு. குளோபெட்டசால் ஒன்று, பாக்டீரியாவைக் கொல்ல ஒன்று, பூஞ்சையைக் கொல்ல ஒன்று, எல்லாம் சேர்த்த கலவை. ஸ்டீராய்டு அரிப்பை ஒரே நாளில் நிறுத்திவிடும். அரிப்பு நின்றதும் நோய் போய்விட்டதாக நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் அந்த இடத்தின் காவல் சக்தியைத்தான் ஸ்டீராய்டு உறங்க வைத்திருக்கிறது. பூஞ்சை தடையில்லாமல் வளர்கிறது. வட்டமான ஓரம் கலைந்து உருவமே மாறிப்போவதால், அனுபவமுள்ள கண்ணுக்குக்கூட அடையாளம் தெரியாமல் போகலாம். அப்போது மருத்துவர் அந்த இடத்தைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டி, செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார். பூஞ்சை நூல்நூலாகத் தெரியும். சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடம் மருந்துக்கடை மேசையில் கிடைக்காது.

இப்படி வரும் குடும்பத்திடம் மருத்துவர் துணியைப் பற்றியும் பேசுவார். துண்டைப் பகிராதீர்கள், இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம், துணியை வெயிலில் நன்றாகக் காய வையுங்கள், வீட்டில் யாருக்கு இருந்தாலும் சேர்ந்து வைத்தியம் செய்துகொள்ளுங்கள். சிரங்குக்கும் இதே பேச்சு உண்டு. ராத்திரி அரிப்பு கூடுகிறது, விரல் இடுக்கில் பொரிப்பொரியாக இருக்கிறது என்றால், பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓரிடம் விடாமல் பூசி, இரவு முழுக்க வைத்திருந்து காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிக்கும் இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் சிரங்கு சிரித்துக்கொண்டு திரும்பி வரும்.

எல்லா டியூபுக்கும் பின்னால் நிற்பது நிறம் என்ற ஆசை. இந்த ஆசை தமிழருக்கு ஆதியிலிருந்தே இருந்ததா என்றால், சங்க இலக்கியம் வேறு மாதிரி பேசுகிறது. அங்கே பெண்ணின் அழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிரின் கருமை கலந்த நிறம். தலைவன் பிரிந்து போனால் அந்த மாமையைப் பசலை தின்றுவிடுகிறது என்று தலைவி வருந்துகிறாள். பசலை என்பது வெளிறிப் போவது. வெளுப்பு அங்கே பிரிவுத் துயரின் அடையாளம். தோழியும் தாயும் கவலைப்பட வேண்டிய விஷயம். அந்த மொழியைப் பேசுகிற வீட்டில்தான் இன்று, “பொண்ணு கொஞ்சம் மாநிறம்தான்” என்பதை மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்கிறோம்.

அறிவியல் சொல்வது எளிமையானது. நிறமி செய்யும் மெலனோசைட் செல்களின் எண்ணிக்கை, ஆப்பிரிக்கருக்கும் ஐரோப்பியருக்கும் தமிழருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தச் செல்கள் செய்யும் நிறமிப் பொட்டலங்களின் அளவும், அவை பரவிக் கிடக்கும் விதமும்தான் வேறு. கருத்த தோலில் அவை பெரிதாக, தனித்தனியாகப் பரவி, ஒவ்வொரு செல்லின் கருவுக்கு மேலும் குடை பிடித்தது போல நிற்கின்றன. நம் வெயிலுக்கு உடம்பே செய்துகொண்ட ஏற்பாடு அது. பிறவி நிறத்தை நிரந்தரமாக மாற்ற, பாதுகாப்பான களிம்பு எதுவும் இல்லை. நேர்மையான தோல் மருத்துவர் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார். வெயிலால் கூடிய கருமையைக் குறைக்கலாம், பரு விட்டுச்சென்ற கறையை மங்க வைக்கலாம். உங்கள் சொந்த நிறம் வரை போகலாம். அதற்கு அப்பால் வழி கிடையாது.

இந்தியாவில் 1975-இல் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’, 2020-இல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்தது. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் இதைவிடப் பெரிய ஆபத்து, பெயரும் முகவரியும் இல்லாத டப்பாக்களில் வருகிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள், சிறுநீரகத்திலிருந்து புரதம் ஒழுகும் ஒரு வகை நோய் திடீரென்று பலருக்கு வருவதைக் கவனித்தார்கள். 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை பார்த்த 22 நோயாளிகளில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிரீம் பூசியவர்கள். கிரீமில் இருந்தது பாதரசம். பாதரசம் நிறமி உண்டாவதைத் தடுக்கும். தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். முகத்தில் பூசியதற்குச் சிறுநீரகம் விலை கொடுத்தது.

அழகுக் குறை என்று வந்து, நோயைத் தெரிந்துகொண்டு போகிறவர்களும் தினம் வருகிறார்கள்.

கழுத்தின் பின்புறம் கருத்து, வெல்வெட் மாதிரித் தடித்திருக்கிறது என்று பதினாறு வயதுப் பிள்ளையை அழைத்து வருவார்கள். அம்மா பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருப்பார். அழுக்காக இருந்தால்தானே போகும்? இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் வரும் கருமை அது. மருத்துவர் களிம்பு எழுதுவதற்கு முன் எடை பார்ப்பார், சர்க்கரைப் பரிசோதனைக்கு எழுதுவார், வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று கேட்பார். தேய்ப்பதை நிறுத்தி, நடக்க ஆரம்பித்து, எடை குறைந்தால் கழுத்தும் மெல்லத் தெளியும். சர்க்கரை நோய் இவ்வளவு பரவிய தமிழ்நாட்டில் அந்தக் கழுத்து ஒரு முன்னெச்சரிக்கை.

நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் மட்டும் வெளுக்கிறது என்று வருகிறவர்கள் உண்டு. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் நிறமிச் செல்லையே கொன்றுவிடுகிறது. உடனே நிறுத்தினால் பலருக்கு நிறம் திரும்பலாம். முடிச்சாயம் போட்ட மறுநாள் முகம் வீங்கி வருகிறவருக்குக் காரணம் பெரும்பாலும் அதில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருள். இனி வாழ்நாள் முழுக்க அவர் அதைத் தொடக் கூடாது.

முதுகில் வெளிர் தேமல் என்று சட்டையைக் கழற்றுகிறவரிடம் மருத்துவர் பஞ்சை எடுத்து மெல்லத் தொட்டு, “கண்ணை மூடிக்கிட்டு, தொடுறது தெரியுதான்னு சொல்லுங்க” என்பார். வெளிர் படையில் தொடு உணர்ச்சி இல்லை என்றால் அது தேமல் இல்லை, தொழுநோயாக இருக்கலாம். தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005 டிசம்பரில் எட்டியது உண்மை. ஆனாலும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான். இந்த நோயின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. செங்கல்பட்டில் 1940-களில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் சல்ஃபோன் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதே ஊரின் திருமணியில் 1955-இலிருந்து மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இன்று ஆறு மாதமோ ஒரு வருடமோ கூட்டு மருந்து சாப்பிட்டால் குணம். அரசு மருத்துவமனையில் இலவசம். விரல் மடங்கும் முன்னால் வர வேண்டும், அவ்வளவுதான். அந்த வெளிர் படை மேல் ஆறு மாதம் வேறு எதையாவது பூசிக்கொண்டிருந்தால், அந்த ஆறு மாதமும் நரம்பு போய்க்கொண்டிருக்கும்.

இதற்கு நேர்மாறாக, ஒன்றுக்கும் பயப்படத் தேவையில்லாத வெண்புள்ளிக்காரர்கள் தலை குனிந்து வருகிறார்கள். வெண்புள்ளி தொற்றாது. தொழுநோய்க்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ‘வெண்குஷ்டம்’ என்ற பழைய பெயர் செய்த பாவம் அது. அந்தச் சொல்லைக் கைவிட்டு ‘வெண்புள்ளி’ என்றே சொல்ல வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர்களே இயக்கம் நடத்தி, தமிழ்நாடு அரசையும் ஏற்க வைத்தார்கள். புற ஊதாக் கதிர்ச் சிகிச்சை, களிம்பு, தோலை ஒட்டு வைக்கும் சிறு அறுவை என்று இன்று பல வழி உண்டு. கல்யாணப் பேச்சை முறிப்பதற்கு அதில் ஒரு காரணமும் இல்லை.

நேரத்தைத் தவறவிடக் கூடாத நோய் ஒன்றையும் சொல்ல வேண்டும். அக்கி. உடம்பின் ஒரு பக்கமாக மட்டும், பட்டை போட்டது போலக் கொப்புளம், எரிச்சல். குயவரிடம் போய்ச் செம்மண்ணால் அக்கி எழுதிக்கொள்வது நம் வழக்கம். சிறுவயதில் வந்த சின்னம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து, வயதான பிறகோ எதிர்ப்பு சக்தி குறையும்போதோ எழுந்து வருவதுதான் அக்கி. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். கொப்புளம் தானாகவே காய்ந்துவிடும் என்பதால் மண் குணமாக்கியதாகத் தோன்றும். ஆனால் அதற்குப் பிறகு சிலருக்கு மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில் நரம்பு வலி தங்கிவிடுகிறது. கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் பார்வைக்கே ஆபத்து. நம்பிக்கைக்காக எழுதிக்கொள்கிறவர்களும் முதலில் மாத்திரையைத் தொடங்கிவிட்டு எழுதிக்கொள்ளட்டும்.

இனி அழகுச் சிகிச்சை நடக்கும் இரண்டாவது அறை. லேசர் இருக்கும், குளிர்ச்சியான, கண்ணாடி மாட்டிக்கொண்டு படுக்கும் அறை. அங்கே செய்வதையெல்லாம் வெட்டிச் செலவு என்று ஒதுக்குவது சரியில்லை. பதினெட்டு வயதில் முகம் முழுக்கப் பருத்தழும்போடு கல்லூரிக்குப் போக மறுக்கும் பிள்ளைக்கு அந்தச் சிகிச்சை படிப்பைக் காப்பாற்றுகிறது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையால் தாடையில் முடி வளர்ந்து, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டே திரியும் பெண்ணுக்கு லேசர் ஒரு விடுதலை.

அழகுச் சிகிச்சை என்று நாம் சொல்வதில் பல, நோய்க்கான மருத்துவத்திலிருந்து பிறந்தவை. கனடாவின் வான்கூவரில் ஜீன் கரூதர்ஸ் என்ற கண் மருத்துவர், இமைத் துடிப்புக்குப் போட்ட போட்டுலினம் ஊசியால் புருவச் சுருக்கமும் மறைவதை 1987-இல் கவனித்தார். அவருடைய கணவர் அலஸ்டர் கரூதர்ஸ் தோல் மருத்துவர். போடாக்ஸின் அழகுப் பயன்பாடு அங்கிருந்து தொடங்கியது. தலைமுடிக்குப் பூசும் மினாக்ஸிடில் முதலில் ரத்தக்கொதிப்பு மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலைக்குக் கொண்டு வந்தார்கள்.

லேசரின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியைக் குறிப்பிட்ட நேரம் மட்டும் பாய்ச்சினால், சுற்றியுள்ள தோலைச் சுடாமல் இலக்கை மட்டும் அழிக்கலாம் என்று 1983-இல் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் எழுதினார்கள். முடி நீக்கும் லேசருக்கு இலக்கு முடியின் கருமை. வெள்ளைத் தோலில் கருமுடி என்றால் இலக்கு தெளிவு. நம் தோலிலும் அதே நிறமி இருக்கிறது. அளவு தவறினால் முடியோடு தோலும் சேர்ந்து வெந்துவிடும். அதனால்தான் கருத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்.டி.-யாக் போன்ற நீண்ட அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேல்தோலை உரிக்கும் பீல் செய்வதிலும் இப்படித்தான். நம் தோல் எந்தக் காயத்துக்கும் கருத்துப் போய்ப் பதில் சொல்லும். கருமையை நீக்கப் போய், பீல் ஆழமாகி, முன்பைவிடக் கருத்துத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். கருவியை இயக்குவது இரண்டு நாள் பயிற்சியில் வரலாம். அடியில் இருக்கும் தோலைப் படிக்க வருடங்கள் வேண்டும்.

2016-இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவர் உயிரிழந்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் முடி நடுதல் போன்ற அழகுச் சிகிச்சைகளை யார் செய்யலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிலரங்கில் உட்கார்ந்து பார்ப்பதோ யூட்யூபில் பார்ப்பதோ பயிற்சியாகாது என்று அதில் வெளிப்படையாகவே எழுத வேண்டியிருந்தது. பலகையில் ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்று மட்டும் இருந்தால் அது மருத்துவப் பட்டம் ஆகாது. என்ன படித்திருக்கிறீர்கள், எந்தக் கவுன்சிலில் பதிவு, ஏதாவது ஆனால் இங்கே என்ன வசதி என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

நல்ல மருத்துவர் இன்னொன்றும் செய்வார், நேரம் கேட்பார். பருவுக்கு அடபலீனும் பென்சாயில் பெராக்சைடும் எழுதிவிட்டு, ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுக்கச் சொல்வார். மேல்தோல் ஒரு சுற்றுப் புதுப்பிக்கவே ஏறக்குறைய நான்கு வாரம் ஆகிறது. இரண்டாவது வாரத்தில் மருத்துவரை மாற்றுகிறவர்களுக்கு எந்த மருந்தும் பலிக்காது. கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் கொடுக்கும்போது, சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கவே கூடாது என்று பெண்களிடம் இரண்டு முறை சொல்வார். கருவைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து அது. சன்ஸ்கிரீன் எழுதினால், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கச் சொல்வார். எஸ்.பி.எஃப். 30 என்பது புற ஊதா ‘பி’ கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. பொட்டு அளவுக்குத் தொட்டு வைத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

வெளியே இன்னும் இருபது பேர் காத்திருக்கும்போது இவ்வளவையும் சொல்ல மருத்துவருக்கு நேரம் கிடைப்பது அரிது. அந்த நேரத்தில் பாதி, பழைய டியூப் எது என்று கண்டுபிடிப்பதிலேயே போகிறது. முகத்தைக் கெடுத்தது எந்த மருந்து என்று தெரிந்தால்தான் அதை எப்படி நிறுத்துவது, படிப்படியாகவா ஒரேயடியாகவா, இடையில் எரிச்சலுக்கு என்ன கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும். ஸ்டீராய்டால் கெட்ட முகம் தேறும். ஆனால் மாதங்கள் ஆகும். முதல் சில வாரம் பார்க்கச் சகிக்காது. அந்த நாட்களில் மனம் தளர்ந்து மறுபடியும் பழைய டியூபைத் தேடாமல் இருப்பதுதான் சிகிச்சையிலேயே கடினமான பகுதி. வீட்டில் இருப்பவர்கள், “முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?” என்று கேட்காமல் இருந்தாலே பெரிய உதவி.

ஆகவே இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். கண்ணாடி அலமாரியில், குளிர்சாதனப் பெட்டியின் கதவில், தையல் டப்பாவுக்குள் கிடக்கும் டியூப்களை எல்லாம் எடுத்துப் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. உங்கள் பெயருக்கு, இந்த நோய்க்கு, இத்தனை நாள் என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்ததா என்று பாருங்கள். எழுதிக் கொடுத்ததென்றால் அவர் சொன்னபடியே போடுங்கள். யாரோ சொல்லி வாங்கியது, மாதக்கணக்கில் போடுகிறீர்கள் என்றால், நீங்களாகவே சட்டென்று நிறுத்திவிட்டு எரிச்சலோடு தனியாகப் போராட வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல்நோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே கட்டணமும் கிடையாது.

“இதுக்கு முன்னாடி என்ன போட்டீங்க?” என்று அவர் கேட்கும்போது வெட்கப்படாமல் அந்தப் பையை மேசையில் கவிழ்த்து விடுங்கள்.